மூன்று நாவல்களும் ஒரு வல்லமும்



"சாமியாருக்கும் நாவலுக்கும் என்ன உறவு?" என்று சென்ற திங்கள் ஒரு குடும்பத் தலைவர் நம்மிடம் கேட்டார். கேள்வியில் குறும்பு இருந்ததே தவிரக் கோபம் இல்லை. செபப் புத்தகம் இருக்க வேண்டிய நம் மேசையின்மேல் தலையணை போன்ற கதைப் புத்தகம் ஒன்று கிடந்ததை அவர் கண்டுவிட்டார். அவருக்குக் கூறிய மறுமொழியை இங்கும் கூறி வைக்கிறோம். தமிழின் முதல் நாவலை எழுதியவர் யார்? மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை. அவர் ஒரு கத்தோலிக்கர். 1879-ஆம் ஆண்டு அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' வழியாகவே நாவல் என்னும் விருந்தாளி தமிழ் வீட்டுக்குள் நுழைந்தது. அழைத்து வந்தவர் நம் வீட்டுப் பிள்ளை என்னும்போது, வந்த விருந்தாளியைத் திண்ணையிலேயே நிறுத்தி வைப்பது முறையாகுமா?

நண்பர் சிரித்தார். எனினும், "சரி, படியுங்கள், படித்தால் என்ன கிடைத்தது என்றும் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு கட்டளையும் இட்டுச் சென்றார். இம்மாதப் பக்கம் அக்கட்டளையை நிறைவேற்றும் முயற்சியே.

நம் பங்கு நூலகத்தில் ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு மாலை புத்தக அன்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், உபதேசியார், மருத்துவமனைச் செவிலி ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, தையற்கடைக்காரர், கடற்கரையில் பிறந்து நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மையார், வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டி ஒருவர் என்று பலதரப்பட்டோர். சுக்குக் காப்பி உண்டு. சில நாள்களில் சுண்டலும் உண்டு.

கூட்டத்திற்கு விதிகள் மூன்று. முதலாவது, புத்தகத்தை முழுமையாகப் படிக்காதவர் அதைப் பற்றிக் கருத்துக் கூறலாகாது. இரண்டாவது, நல்லது கெட்டது என்று தீர்ப்பு வழங்குவதற்கு முன், புத்தகம் தம்மை எந்த இடத்தில் தொட்டது என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடலாகாது. இவ்விதிகளை வகுத்தவர் நாமே. இதை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். காரணம் பின்னால் வரும்.

கடந்த மூன்று மாதங்களில் மூன்று நாவல்களைப் படித்தோம். மூன்றும் புதியவை அல்ல. ஆனால் நம்மில் பெரும்பாலோர் இப்போதுதான் முதன்முறையாகப் படித்தோம். மூன்றிலும் கிறிஸ்தவக் குடும்பங்களே வருகின்றன என்பதால் தேர்ந்தோம்.

முதலாவது, ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு'. 1964-ஆம் ஆண்டு வெளிவந்தது. குமரி மாவட்டத்தில் பனைமரங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர். அங்கே சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த பழைய குடும்பம் ஒன்று. வீட்டின் பெயரில் புதுமை உண்டு; வீடோ பழமையில் சரிந்துகொண்டிருக்கிறது. கண்ணப்பச்சி என்னும் தாத்தாவின் நிழலில் லிஸி என்னும் பேத்தி வளர்கிறாள். பருவம் எய்தியதும் பள்ளிப் படிப்பு நின்றுபோகிறது. குடும்ப மானம் என்னும் பெயரால் அவள் வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். அவள் மனமோ பனையேறும் தங்கராஜை நாடுகிறது. இதற்கு மேல் கதையைக் கூறினால் படிக்கப் போகிறவரின் இன்பத்தைத் திருடியவராவோம்.

சிறிய நூல். கூச்சல் இல்லை, பிரசங்கமும் இல்லை. குமரி மக்களின் பேச்சு, பனையின் சாற்றைப் போல் கலப்பின்றி இறங்கி வருகிறது. குறை என்று சொன்னால், கடைசிப் பகுதியில் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரைந்து விழுகின்றன. முன்பகுதியின் நிதானம் அங்கே இல்லை என்பது நம் எண்ணம்.

தலைமையாசிரியர் முதலில் பேசினார். "அக்காலத்துப் பெரியவர்கள் பெண்ணை வீட்டில் வைத்தது பாதுகாப்புக்காகத்தான். அதை நாம் இன்று குறை கூறுவது எளிது" என்றார். மாணவி மறுக்க வாயெடுத்தாள்; மூன்றாம் விதி அவளைத் தடுத்தது. அவர் முடித்த பின், யாரும் எதிர்பாராவகையில் பாட்டி பேசினார்.

"என்னையும் எட்டாம் வகுப்போட நிறுத்திட்டாங்க. அஞ்சு வருசம் அந்தச் சன்னல்தான். சன்னலுக்கு எத்தனை கம்பின்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். ஏழு."

அவ்வளவே. அதன் பின் யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லை. தலைமையாசிரியர் சற்று நேரம் நூலின் அட்டையையே பார்த்திருந்துவிட்டு, "இந்தப் புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அவர் கூறவில்லை. மீண்டும் படிக்க விரும்பினார். புத்தக அன்பர் ஒருவரிடம் இதைவிட நேர்மையான மறுமொழியை நாம் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, ஜோ டி குரூஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு'. 2004-ஆம் ஆண்டு வெளிவந்தது. நம் மேசையின்மேல் கிடந்த பெரிய புத்தகம் இதுவே. ஆசிரியர் உவரிக் கடற்கரையில் பிறந்தவர். 2009-இல் வெளிவந்த 'கொற்கை' என்னும் இவருடைய அடுத்த நாவலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆமந்துறை என்னும் கடற்கரையூரின் பல தலைமுறைகள் இந்நூலில் வாழ்கின்றன. நடுக்கடலில் உயிருக்குப் போராடும் மூவரின் கதை இடையிடையே வந்து நம் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. முதியவர்கள் தம்மை மறந்து இளையவனைக் காக்க முனையும் அப்பக்கங்களை நாம் இரவு இரண்டு மணிக்குப் படித்து முடித்தோம். காலைத் திருப்பலிக்கு எழுந்தபோது கண்கள் சிவந்திருந்தன. காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் மீனுக்கும் அம்மக்கள் வைத்திருக்கும் சொற்கள் எத்தனை! அகராதிகள் அறியாத தமிழ் அங்கே உப்புக் காற்றில் உலர்ந்துகொண்டிருக்கிறது.

இந்நூலைப் பற்றித்தான் கூட்டத்தில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. வசைச் சொற்கள் மலிந்துள்ளன. ஆண் பெண் உறவுகள் மறைப்பின்றி எழுதப்பட்டுள்ளன. கத்தோலிக்கக் குடும்பத்தில் இதை எங்கே வைப்பது என்று உபதேசியார் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வளரும் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டிய நூல் அன்று இது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பெரியவர்கள் நிலை வேறு. தடை செய்யப்பட்ட நூல்களின் அட்டவணை என்று ஒன்று திருச்சபையில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்ததும், 1966-ஆம் ஆண்டு அது கைவிடப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. அட்டவணை போனதால் பொறுப்புப் போய்விடவில்லை. அது அலுவலகத்திலிருந்து அவரவர் மனச்சான்றுக்கு இடம் மாறியது.

கடற்கரையில் பிறந்த அம்மையார் வேறொன்று சொன்னார். "ஃபாதர், எங்க ஊர்ல கோபத்துக்கும் அந்தச் சொல்தான், கொஞ்சலுக்கும் அந்தச் சொல்தான். சொல்லைப் பார்த்தா ஆளைப் புரியாது. சொல்லுறவன் முகத்தைப் பார்க்கணும்." அந்நூலில் வரும் காகு சாமியாரைப் பற்றியும் அவரே நெகிழ்ந்து பேசினார். மக்களோடு மக்களாக நின்ற ஒரு குருவை இத்தனை அன்போடு வரைந்த கை, வசைச் சொல்லையும் வெறுப்பினால் எழுதியிராது என்பது அவர் வாதம். உபதேசியார் முழுவதும் இணங்கவில்லை. இணங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இருவரும் முழுப் புத்தகத்தையும் படித்திருந்தார்கள், அது போதும்.

மூன்றாவது நாவலுக்கு வருவோம். வண்ணநிலவன் எழுதி 1977-ஆம் ஆண்டு வெளிவந்த 'கடல்புரத்தில்'. ஆசிரியர் கத்தோலிக்கர் அல்லர், பரதவரும் அல்லர். எனினும் தென் கடற்கரைக் கத்தோலிக்கப் பரதவர் வாழ்வை, அருகில் அமர்ந்து கேட்டவரைப் போல் எழுதியிருக்கிறார். குரூஸ் மிக்கேல் என்னும் மீனவர். அவருக்கு ஒரு வல்லம். அதுவே அவர் உலகம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் செபஸ்தி, வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடுமாறு தந்தையை வற்புறுத்துகிறான். தந்தை இணங்கவில்லை. மகள் பிலோமியின் காதல் கைகூடவில்லை. ஆனால் அவள் யாரையும் வெறுக்கவும் இல்லை. இதற்கிடையே கடலில் லாஞ்சிக்காரர்களுக்கும் வல்லத்துக்காரர்களுக்கும் பகை முற்றுகிறது.

இப்பகை கற்பனையன்று. விசைப்படகுகள் பெருகியபோது கரையோரக் கடலில் வலை விரிப்பவர் யார் என்ற சண்டை தமிழ்நாட்டின் கடற்கரை எங்கும் எழுந்தது. நாவல் வெளிவந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1983-இல், தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வரையுள்ள கடல், நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கப்பட்டது. சட்டம் வருவதற்கு முன்பே கதை வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

கூட்டத்தில் இந்நூலைப் பற்றி முதலில் கருத்துக் கூறியவர் நாமே. "குரூஸ் மிக்கேல் நல்லவர்தாம், ஆனால் பிடிவாதக்காரர். மகன் கூறுவது நியாயமானது. ஒரு படகைப் பெற்ற பிள்ளையைவிட உயர்த்திப் பிடிப்பது பற்றுதலே தவிரப் பாசமன்று" என்று, மறையுரை நிகழ்த்தும் குரலில் சொல்லி முடித்தோம். சிலர் தலையசைத்தனர்.

கடற்கரை அம்மையார் மட்டும் தலையசைக்கவில்லை.

"ஃபாதர், புத்தகம் உங்களை எங்க தொட்டுதுன்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்று கேட்டார். இரண்டாம் விதியை நாமே மீறியிருந்தோம். பிறகு அவர் தொடர்ந்தார்: "வல்லம் அவருக்குச் சொத்து இல்ல. எங்க அப்பாகிட்ட யாராவது நீ யாருன்னு கேட்டா, பேரைச் சொல்லமாட்டாரு. இன்ன வல்லத்துக்காரன்னு சொல்லுவாரு. வல்லத்தை வித்துட்டு வான்னு சொன்னா, நீ யாரா இருக்கியோ அதை வித்துட்டு வான்னு அர்த்தம். அதை விக்கணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசலாம். முதல்ல அது என்னன்னு அவரைக் கேட்கணும்ல?"

அன்று மாலை நமக்கு மறுமொழி வரவில்லை. காரணத்தைக் கூட்டத்தில் கூறவில்லை. இங்கே கூறுகிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியபோது நாம் தென் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில், உள்நாட்டு நகரம் ஒன்றில் ஆசிரியராக இருந்த இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். தந்தைக்கு வயது அறுபத்தைந்து, தாய் இறந்துவிட்டார், இனியும் அவர் கடலுக்குப் போகிறார், தனக்கு இரவில் தூக்கம் இல்லை என்றார். அவர் கண்களில் இருந்தது உண்மையான அச்சம். தந்தையின்மீது உண்மையான அன்பு. "நான் சொன்னா கேட்கமாட்டார் சாமி. நீங்க சொன்னாக் கேட்பார்" என்றார்.

நாம் முதியவரை அழைத்தோம். அறைவீட்டுத் தாழ்வாரத்தில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். பிள்ளைகளின் கடமை, பெற்றோரின் கடமை, உயிரின் மதிப்பு, கடவுள் அருளிய அறிவைப் பயன்படுத்த வேண்டிய அவசியம் ஆகியவற்றை அரை மணி நேரம் விளக்கினோம். அவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "சாமி சொன்னாச் சரிதான்" என்றார். இரண்டு வாரத்தில் வல்லம் விலைபோயிற்று.

மறு ஆண்டு ஏதோ அலுவலாக அந்நகருக்குச் சென்றபோது அவரைப் பார்க்கப் போனோம். சுத்தமான வீடு, அன்பான மருமகள், பேரப்பிள்ளைகள். முதியவர் மொட்டைமாடியில் நின்றிருந்தார். "வாடையா கொண்டலா கச்சானான்னு ஒண்ணும் பிடிபடமாட்டேங்குது சாமி. இங்கன காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னே தெரியல" என்றார். நாம் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்கடுத்த ஆண்டு அவர் இறந்த செய்தி வந்தது. படுக்கையில், உறவினர் சூழ, அருட்சாதனங்கள் பெற்று, அமைதியாக இறந்தார். நல்ல முடிவு என்றே நாம் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். பிறர்க்கு எடுத்துக்காட்டாகவும் இதைக் கூறியிருக்கிறோம்.

'கடல்புரத்தில்' நாவலைப் படித்தபோது, குரூஸ் மிக்கேல் வரும் பக்கங்களில் நமக்கு ஏனோ எரிச்சல் மூண்டது. ஒரு கதைமாந்தர்மீது குருவானவருக்கு ஏன் இத்தனை கோபம்? அம்மையார் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் அது விளங்கியது. அவர் 'மாட்டேன்' என்று சொன்னார். நம் முதியவர் சொல்லவில்லை. சொல்ல இடம் தரப்படவில்லை. அந்த அரை மணி நேரத்தில் அவரிடம் நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வல்லத்தின் பெயர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

வல்லத்தை விற்றது தவறு என்று இன்றும் நாம் கூறத் துணியவில்லை. கடலுக்குப் போயிருந்தால் அவர் இன்னும் விரைவில் இறந்திருக்கலாம். மகனின் அச்சம் பொய்யன்று. கேட்டிருந்தால் அவரே விற்க இணங்கியும் இருக்கலாம். ஆனால் புத்தகத்தை முழுமையாகப் படிக்காதவர் கருத்துக் கூறலாகாது என்று விதி வகுத்த நாம், ஒரு மனிதரின் முதற்பக்கத்தைக்கூடத் திறவாமல் அவருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டோம். அச்சிட்ட தாளுக்குக் கொடுத்த மரியாதையை ஆளுக்குக் கொடுக்கவில்லை.

நாவல் படித்து என்ன கிடைத்தது என்று கேட்ட நண்பருக்கு இதுவே நம் மறுமொழி. இருபது ஆண்டுகள் சரி என்று எண்ணியிருந்த ஒன்றைப் பற்றி, நாற்பது ஆண்டுகளுக்கும் முன் எழுதப்பட்ட ஒரு சிறு நூல் நம்மிடம் கணக்குக் கேட்டது. நாம் தனியே படித்திருந்தால் அக்கணக்கையும் தள்ளிவிட்டிருப்போம். குரூஸ் மிக்கேலைப் பிடிவாதக்காரர் என்று ஓரத்தில் குறித்துவிட்டு நூலை மூடியிருப்போம். சேர்ந்து படித்ததனால், கடற்கரையில் பிறந்த ஒருவரின் கண் நமக்குச் சற்று நேரம் கடனாகக் கிடைத்தது.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் நம் பங்குக் குடும்பம் ஒன்று வந்தது. சென்னையில் பணிபுரியும் மகன், எழுபத்தெட்டு வயதுத் தாயைத் தம்மோடு அழைத்துச் செல்ல விரும்புகிறார். ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்கிறார். அம்மா அசைந்து கொடுக்கவில்லை. "ஃபாதர், நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார். நமக்கு உடல் ஒரு கணம் சிலிர்த்தது. சொல்கிறோம் என்று வாக்களிக்கவில்லை, கேட்கிறோம் என்றோம்.

அம்மாவின் வீட்டிற்குச் சென்று ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். அவர் கிணற்றைப் பற்றிப் பேசினார். கொல்லை முருங்கையைப் பற்றிப் பேசினார். கணவர் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மகனோடு போகிறேன், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கல்லறைத் திருநாளுக்கு என்னை ஊருக்கு அழைத்து வர வேண்டும், வந்தால் தங்க வீடு வேண்டும், என் மூச்சு இருக்கும்வரை வீட்டை விற்கலாகாது. மகனும் இணங்கினார். இம்முடிவை நாம் எண்ணியும் பார்த்ததில்லை. மகனும் எண்ணிப் பார்த்ததில்லை. அது அம்மாவிடம் மட்டுமே இருந்தது.

வாசகர்களே, உங்கள் பங்கிலும் இப்படியொரு வட்டத்தைத் தொடங்கலாம். ஐந்து பேர் போதும். எல்லாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசு நூலகத்தில் கேளுங்கள். ஒரு பிரதியைக் கைமாற்றிப் படியுங்கள். முதல் மாதத்திற்குச் சிறிய நூலாகத் தேர்ந்துகொள்ளுங்கள். 'புத்தம் வீடு' ஏற்றது. படித்தவர்கள் மட்டும் கூடாமல், வீட்டில் வாய் திறவாமல் இருக்கும் முதியவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் மாலையில் ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டுங்கள். அவரிடம் ஏழு கம்பிகளின் கதை ஒன்று இருக்கக்கூடும்.

வருகிற மாதம் நம் வட்டம் 'பிரதாப முதலியார் சரித்திரம்' படிக்க முடிவு செய்திருக்கிறது. மேசையைப் பார்த்துக் குறும்பாகக் கேட்ட நண்பரையும் அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார், நூலில் பாதியை முடித்துவிட்டாராம். பாதி போதாது, முழுமையும் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.